பசி திரும்பிய வழி

ஏழு உலகங்களையும் ஒருசேர விழுங்கி, ஓர் ஆலிலைமேல் சிறு பிள்ளையாய்க் கண்வளர்ந்து, காலம் கனிந்தபோது விழுங்கியவற்றையெல்லாம் பழுதின்றி வெளியே வைத்த பெருமானே! மலையும் கடலும் உன் திருவயிற்றில் இடறாமல் புகுந்தன, இடறாமல் மீண்டன. ஒரு கவளம் தயிர்ச்சோறு கடந்து செல்ல வழியின்றித் திகைத்து நின்ற அடியேனின் வயிற்றைப் பற்றி எழுதத் துணிகிறேன். கடல்மல்லையாம் மாமல்லபுரத்தில் பாம்பணையும் வேண்டாவென்று வெறுந்தரையில் பள்ளிகொண்டவனே, நீயே முன்னின்று இதனை நடத்தித் தர வேண்டும்.

ஆவணித் திங்கள், தேய்பிறை அட்டமியும் உரோகிணியும் கூடிக் கண்ணன் பிறந்த இந்த நன்னாளில், செங்கற்பட்டில் என் வீட்டில் அமர்ந்து எழுதத் தொடங்குகிறேன். நோய் நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. நோய்க்கு நடுவே ஓர் இடைவெளி வாய்த்திருக்கிறது. இதே இடர்ப்பாட்டில் சிக்கியவர்களும், அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு அருகில் நிற்பவர்களும் படித்தால், முன்பின் தெரியாத ஊரில் வழி கேட்டுச் செல்வது போன்ற ஒரு சிறு துணை கிடைக்கும் என்று நம்புகிறேன்.

கடற்கரையோரத்து அணு ஆராய்ச்சிக் கூடத்தில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குழாய்களை வரைவதே என் தொழில். எந்தத் தொட்டியிலிருந்து எந்தத் தொட்டிக்கு நீர் செல்ல வேண்டும், எங்கே அடைப்பிதழ் என்னும் வால்வு வேண்டும், ஒரு வழி அடைபட்டால் மாற்று வழி எது என்று பலகையில் தாளை விரித்து வரைந்தபடியே என் வாலிபம் கழிந்தது. காவிரிக்கரையிலிருந்து வந்து அங்குள்ள ஊழியர் குடியிருப்பில் இறங்கிய முதல் வாரம் முழுவதும் என் மனைவி வேதவல்லி அலையோசை தாங்காமல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினாள். பிறகு அந்த ஓசையின்றித் தூக்கம் வராது என்றானது.

சனிக்கிழமைதோறும் மாலையில் அவளைப் பின்னால் அமர்த்தி ஸ்கூட்டரில் மாமல்லபுரம் செல்வேன். சவுக்குத் தோப்புகளின் நடுவே சாலை நீண்டு கிடக்கும். கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் எனக்கு ஓர் இடம் உண்டு. எங்கள் குரல் எழும்போது வெளியே கல்தச்சர்களின் உளியோசை ஒவ்வொன்றாக அடங்கும். எங்களுக்காக நிறுத்துகிறார்கள் என்று வெகுகாலம் பெருமிதம் கொண்டிருந்தேன். அது அவர்கள் தேநீர் குடிக்கும் நேரம் என்று பின்னர் அருள்தாஸ் சொன்னார்.

அருள்தாஸை இங்கே அறிமுகம் செய்துவிட வேண்டும். நான் தாளில் வரைந்த குழாய்களை இரும்பில் பற்றவைத்தவர் அவர். மாமல்லபுரத்தை அடுத்த கடலோரத்துக்காரர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குச் செல்பவர். என் நெற்றித் திருமண்ணைப் பார்த்த முதல் நாளே "சாமி" என்று அழைக்கத் தொடங்கியவர், இன்றுவரை என் பெயரைச் சொன்னதில்லை.

இனி நோய்க்கு வருகிறேன்.

இளமை முதல் நான் ஏகாதசி விரதம் காப்பவன். அன்று முழுப் பட்டினி. மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துப் பாரணை செய்வது எங்கள் வீட்டு முறை. ஐம்பது வயதுக்கு மேல் அந்தப் பட்டினி கடினமாகத்தான் இருந்தது. பிற்பகலில் தலை சுற்றும். பக்கத்து வீட்டுச் சாம்பார் வாசனை பரமபதத்தையே மறக்கச் செய்யும். ஆனால் இந்த ஆண்டு பங்குனியிலிருந்து விரதம் எளிதாயிற்று. ஏகாதசியில் மட்டுமன்றி மற்ற நாள்களிலும் இரண்டு வாய் உண்டால் போதும் என்று இருந்தது. புலன் அடங்கி வருகிறது என்று நான் மகிழ்ந்தேன். "அவருக்கு இப்பல்லாம் சோறே வேண்டியிருக்கல, பாசுரத்துலயே வயிறு நிரம்பிடுது" என்று வேதவல்லி அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரித்தாள். இடையிடையே வாந்தி வந்தது. பித்தம் என்று எண்ணி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினேன்.

ஒரு சனிக்கிழமை கோஷ்டி முடிந்து அருள்தாஸின் வீட்டுக்குச் சென்றோம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சாமி, கையி காலு குச்சியா ஆயிக்கினு வருது, வயிறு மட்டும் பானையாட்டம் கீது?"

"விரதம், தாஸ். உடம்பு வற்றத்தான் செய்யும்."

"ஒடம்பு வத்துனா வயிறும் வத்தணும்ல? யாராண்ட கத வுடுற? அண்ணி, நீங்க கேக்க மாட்டீங்களா?"

"வேட்டி இடுப்புல நிக்கலைன்னுதான் சொல்லிக்கிட்டே இருக்கார், தம்பி" என்றாள் வேதவல்லி. அதைச் சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது.

மறுவாரமே படூரில் இருக்கும் எங்கள் மகன் ஸ்ரீதரன் என்னைப் பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். சிறுசேரி மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். அன்று விடுப்பு எடுத்திருந்தான். வாய் வழியாக ஒரு மெல்லிய வளையும் குழலைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள படக்கருவியால் இரைப்பையின் உள்ளே பார்ப்பதுதான் எண்டோஸ்கோப்பி. முந்தைய இரவு முதல் எதுவும் உண்ணலாகாது என்றார்கள். உண்ணாமலிருப்பதை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை அல்லவா?

பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா எங்களை அறைக்குள் அழைத்தார். நடுத்தர வயது, கண்டிப்பான முகம், அதில் சட்டென்று தோன்றி மறையும் சிரிப்பு.

"ஐயா, எதுவும் சாப்பிடலைன்னு சொன்னீங்க. உள்ள பச்சையா இலை இலையா மிதக்குது. வழியே தெரியல."

"அவரு பொய் சொல்ல மாட்டாருங்க" என்று வேதவல்லி எழுந்தே நின்றுவிட்டாள்.

"பொய்னு சொல்லலம்மா. என்ன கீரை அது?"

"அகத்திக்கீரை" என்றேன். "துவாதசிப் பாரணைக்கு உண்டது."

"துவாதசின்னா என்னிக்கு?"

வேதவல்லி விரல் மடக்கினாள். "போன வெள்ளிக்கிழமைங்க."

அன்று புதன்கிழமை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப அன்னிலேர்ந்து அது அங்கேயே நிக்குது" என்று மெல்லச் சொன்னார்.

விரதம் கைகூடியது என்று நான் எண்ணியிருந்த அத்தனை நாளும், உண்டது இறங்க வழியின்றி உள்ளே தேங்கிக் கிடந்திருக்கிறது. நிறைந்த தொட்டிக்கு நீர் வேட்கை எப்படி இருக்கும்?

அனுமதித்தார்கள். தேங்கியதைக் கழுவி எடுத்து, மறுபடியும் பார்த்து, சிறிது சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கு உணவு செல்லும் வெளிவாயிலில் ஒரு கட்டி வளர்ந்து அதை அடைத்திருந்தது. புற்று. என்னிடம் மறைக்க வேண்டாமென்று நானே கேட்டுக்கொண்டதால் நேரடியாகச் சொன்னார்கள். வயிறு பெருத்ததற்கும் அதுவே காரணம். வயிற்றின் உறுப்புகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் நோய் பரவியதால் அங்கே நீர் சுரந்து தேங்கியிருந்தது. பழைய வைத்தியர்கள் மகோதரம் என்பார்களே, அதுதான்.

அச்சம் எனக்கு அன்று வரவில்லை. மறுநாள் காலை உணவு வண்டி எங்கள் அறையைத் தாண்டி அடுத்த அறைக்குச் சென்றபோது வந்தது. இனி எனக்காக அந்த வண்டி நிற்கவே நிற்காதோ என்று தோன்றியது.

டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்தார். கோடுகள் கோணலாக இருந்தன. என் கை துறுதுறுத்தது.

"மூணு வழி இருக்கு ஐயா. வயித்தைத் திறந்து ஆபரேஷன் பண்றது. உங்க உடம்பு அதைத் தாங்காது. ரெண்டாவது, அடைச்ச இடத்துக்குள்ளேயே கம்பி வலைக் குழாய் ஒண்ணை வைக்கலாம். ஸ்டென்ட்டுன்னு சொல்வோம். ஆனா கட்டி வளர்ந்து வலைக்குள்ளயும் வந்துச்சுன்னா மறுபடி அடைக்கும். மூணாவது, அடைப்பை விட்டுட்டு, இரைப்பைக்கும் கீழ இருக்கற குடலுக்கும் நேரா ஒரு புது வழி. வெளியில கத்தியே படாது. எண்டோஸ்கோப் நுனியில ஸ்கேன் கருவி இருக்கும், அதை வச்சுப் பார்த்துக்கிட்டே ரெண்டு சுவரையும் துளைச்சு, நடுவுல ஒரு சின்ன ஸ்டென்ட்டைப் பூட்டிடுவோம்."

"மாற்றுக் குழாய்" என்றேன்.

"கரெக்ட். அதுதான் அதிக நாள் தாங்கும். ஆனா உங்களுக்கு வயித்துல தண்ணி இருக்கு." பேனாவால் இரண்டு சுவர்களுக்கும் நடுவே புள்ளிகள் வைத்தார். "இந்த ரெண்டும் ஒட்டி நிக்கணும். நடுவுல தண்ணி நின்னா குடல் மிதந்து விலகிப் போகும். துளைச்ச இடத்துல கசிஞ்சாலோ, அந்தத் தண்ணியில கிருமி பரவும். அது உயிருக்கே ஆபத்து. தண்ணி இருக்கறவங்களுக்கு இதைச் செய்யலாமா கூடாதான்னு டாக்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது."

"தண்ணியை எடுத்துட்டா?" என்று ஸ்ரீதரன் கேட்டான்.

"எடுத்துட்டு ஸ்கேன் பார்ப்போம். ஓரத்துல கொஞ்சம் நின்னா பரவாயில்ல, நடுவுல நிக்கக் கூடாது. நின்னா வலைக்குழாய்தான். அதுவும் நுழையலைன்னா..." என் மூக்கைப் பார்த்தார். "இந்தக் குழாயோடதான் இருக்கணும். சத்தெல்லாம் ரத்தக்குழாய் வழியா."

ஆக, கேள்வி ஒன்றே. மீண்டும் வாயால் உண்பேனா, உண்ணாமலே இருப்பேனா?

அந்த மூக்குக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேங்குவதை வடிப்பதற்காக மூக்கு வழியே இரைப்பைவரை ஒரு குழாயை இறக்கி, மறுமுனையைக் கட்டிலோரத்துப் பையில் விட்டிருந்தார்கள். விழுங்கும்போதெல்லாம் தொண்டையில் முள் உராயும். பாசுரம் சேவிக்க முடியாது. உதடு அசையும், குரல் எழாது. அந்தக் குழாய் நழுவாதபடி மூக்குத்தண்டின்மேல் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். எங்கள் மரபிலோ திருமண்ணுக்கு மூக்கின் மேல்தான் பாதம். நாள்தோறும் பெருமானின் திருவடி பதியும் இடம் அது.

"அம்மா, கன்னத்தில் ஒட்டிவிடுங்களேன்" என்று செவிலி ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"கன்னத்துல நிக்காது தாத்தா. வேர்த்தா கையோட வந்துடும். அப்புறம் என்னை இல்ல திட்டுவாங்க?"

"நான் அசையாமல் படுத்திருப்பேன்."

"எல்லாத் தாத்தாவும் இதான் சொல்றாங்க" என்றாள். ஆனாலும் என் நெற்றியைப் பார்த்தாள். மூக்கை விட்டுவிட்டுக் கன்னத்தில் இரட்டையாக ஒட்டினாள்.

வயிற்று நீரை எடுத்தார்கள். அடிவயிற்றின் ஓரத்தில் மரக்கச்செய்து, ஊசி வழியே மெல்லிய குழாயை விட்டு, மெதுவாக வடித்தார்கள். இளமஞ்சள் நிறம். அவ்வளவு நீர் வெளியேறினால் உடல் சோர்ந்துவிடும் என்று இரத்தத்தின் புரதச்சத்தைச் சொட்டு மருந்தாக ஏற்றினார்கள். ஸ்கேனில் நடுவே நீர் இல்லை. மறுநாளே செய்துவிடலாம் என்று டாக்டரம்மா உற்சாகமாகச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும், நல்ல காரியத்துக்குச் செல்கிறோமே என்று, வெறும் நெற்றியோடு போக மனமின்றி ஈரத்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தேன். துண்டோடு பிளாஸ்திரி வந்தது. பிளாஸ்திரியோடு குழாயும் வந்தது. நான் திருமண் பெட்டியைத் திறந்து வைத்தபடி, கையில் ஒரு முழம் குழாயோடு அமர்ந்திருந்தேன்.

இரைப்பை மறுபடி நிறைந்துவிட்டது. மயக்கத்தில் இருக்கும்போது அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் பெருங்கேடு என்று மயக்க மருத்துவர் மறுத்துவிட்டார். அன்றைய வாய்ப்பு போயிற்று. மறுநாள் கருவி வேறொருவருக்கு. அதற்கடுத்து ஞாயிறு. காத்திருந்த நாள்களில் வயிற்று நீர் மீண்டும் ஊறி ஏறியது.

டாக்டரம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "ஐயா, பெருமாள் ரெண்டு நாள் மூக்குக்கு மேல நெத்தியிலேயே இருந்துக்குவார். கோவிச்சுக்க மாட்டார். இந்தத் தண்ணி காத்துக்கிட்டு இருக்காது."

ஸ்டெல்லா தலைகுனிந்து நின்றாள். "அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள், கேட்டது நான்" என்றேன். புதுக் குழாய் இறங்கும்போது கண்ணில் நீர் வழிந்தது. இம்முறை பிளாஸ்திரி மூக்கின்மேல், அகலமாக, நடுவில் ஒட்டப்பட்டது.

அதன்பின் என் மகன் ஒரு காரியம் செய்தான். என் வலக்கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவன் காலையில் அலுவலகப் பையோடு வந்தான். பையை நாற்காலியில் வைத்துவிட்டு, குழாயை ஒரு விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு எனக்குச் சவரம் செய்தான். பிறகு திருமண்ணைக் குழைத்து என் நெற்றியில் இட்டான். கல்லூரிக்குப் போன நாளோடு தன் நெற்றியில் இடுவதை விட்டவன் அவன். நாக்கைக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதும் சிறுவனைப்போல் முனைந்து இட்டான். ஒரு கோடு சற்றே சாய்ந்தது. பிளாஸ்திரி இருந்ததால் பாதம் இட இடமில்லை.

அன்று மாலை வந்த அருள்தாஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா சாமி இது? நாமத்துல காலையே காணோம்! படுத்த எடத்துலயே கட்சி மாறிட்டியா?"

பாதமில்லாத நாமம் எங்கள் எதிர்க்கலையாரான வடகலையாரின் அடையாளம். இத்தனை காலப் பழக்கத்தில் அந்த வேறுபாடெல்லாம் அவருக்கு அத்துப்படி. சிரித்தேன், குழாய் உராய்ந்து வலித்தது, வலித்தும் சிரித்தேன்.

"சிரிக்க வைக்காதீங்க தம்பி, குழாய் வந்துடப் போகுது" என்று வேதவல்லி அதட்டினாள்.

"இன்னா வைக்கப் போறாங்களாம் உள்ள? ஸ்ரீதரு போன்ல படம் காட்டுச்சு. ரெண்டு பக்கமும் அகலமா, நடுவுல இடுப்பு சிறுத்து, அசல் உடுக்கையாட்டம் கீது. மூக்குல கட்சி மாறுன. இப்ப வயித்துல சிவன் உடுக்கையா? ஊருக்குத் திரும்பி வந்தா உன்ன எந்தக் கோயில்ல சேத்துக்குவாங்க?"

"உன் மாதா கோயிலில் இடம் இருக்காதா?" என்று எழாத குரலில் கேட்டேன்.

"அங்க நீ பாட ஆரமிச்சா ஃபாதரு பேஜாராயிடுவாரு" என்றார். பிறகு என் காலைப் போர்வைமேல் பிடித்துக்கொண்டார்.

காத்திருந்த அந்த நாள்களில் சன்னலே எனக்குப் பாராயணம். கீழே நாவலூர்ப் பக்கம் அலுவலகப் பேருந்துகள் வரிசையாகச் செல்லும். அந்தக் கட்டடங்களுக்கு அப்பால், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், ஒரு நீலக் கோடு. அதுதான் கடல் என்று நான் சொல்வேன். வெயிலில் தகரக்கூரை மின்னுகிறது என்பாள் வேதவல்லி. அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு இருவரும் பழைய நாள்களைப் பேசினோம். குடியிருப்பின் முதல் வீடு, உப்புக்காற்றில் துருப்பிடித்த சன்னல் கம்பி, ஸ்ரீதரன் கோயில் வாசலில் தொலைந்து ஒரு கல்யானைக் குட்டியின் கீழ் உறங்கிக் கிடந்தது, மழையில் ஸ்கூட்டர் நின்றுபோய்ச் சவுக்குத்தோப்பில் ஒதுங்கியபோது நான் அவளுக்காகப் பாடியது. "அன்னிக்கு ரொம்பக் குளிரா இருந்துச்சு. எப்ப முடிப்பீங்கன்னுதான் நினைச்சேன்" என்று இப்போதுதான் சொன்னாள். மருத்துவச் செலவைப் பற்றி அவளும் மகனும் வராந்தாவில் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். நான் வந்தால் மழையைப் பற்றிப் பேசுவார்கள். அந்தக் கோடை காலத்தில் மழையைப் பற்றி அவ்வளவு பேச இருந்தது எனக்கு வியப்புத்தான்.

மீண்டும் நீரை வடித்தார்கள். அந்த நீரில் கிருமி இல்லையென்று சோதித்தார்கள். கிருமி அண்டாதிருக்க முன்னதாகவே ஊசி போட்டார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "கல்லீரல் ஓரத்துல கொஞ்சம் நிக்குது. நடுவுல இல்ல. உள்ள போய்ப் பார்த்துட்டுத்தான் முடிவு. குடல் விலகிச்சுன்னா திரும்பி வந்துடுவேன், பிடிவாதம் பிடிக்க மாட்டேன்" என்றார். அந்தச் சொல் எனக்குத் தைரியம் தந்தது.

மயக்க மருத்துவர் எண்ணச் சொன்னார். எண்களுக்குப் பதிலாகப் பன்னிரு திருநாமங்களை மனத்துள் சொன்னேன். எந்த நாமத்தில் நின்றேன் என்று தெரியாது.

கண்விழித்தபோது டாக்டரம்மாவின் முகம் மேலே இருந்தது. தொப்பிக்குக் கீழே வியர்த்திருந்தார்.

"வழி கிடைச்சுது ஐயா. அடைப்பைத் தாண்டி ஒரு மெல்லிய குழாயை விட்டு, குடலுக்குள்ள நீலச் சாயம் கலந்த தண்ணியை நிரப்பினோம். அப்பத்தான் குடல் உப்பி நல்லாத் தெரியும். முதல்ல கொஞ்சம் நழுவிச்சு. நிதானமாப் பிடிச்சுத் துளைச்சு ஸ்டென்ட்டைத் திறந்தோம். திறந்த உடனே நீலத் தண்ணி இரைப்பைக்குள்ள குபுகுபுன்னு வந்துச்சு. அது வந்தா சரியான இடத்துல சேர்ந்துருச்சுன்னு அர்த்தம்."

"நீலமா?" என்று பக்கத்திலிருந்து வேதவல்லி கேட்டாள்.

"சாயம்தாம்மா."

"சாயமா இருந்தா என்ன?" என்று சொல்லி அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் அடைபட்ட வாயிலைப் பல நாள் தட்டிக்கொண்டு கிடந்தேன். அவனோ வாயிலை விட்டுச் சுவர் வழியே, தன் நிறத்தோடு வந்தான். டாக்டரம்மா இதைக் கேட்டால் சிரிப்பார். அவர் கைக்கும் பெருமானின் கைக்கும் நடுவே எல்லை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உண்மையை மறைக்கலாகாது. புது வழி நோயை நீக்கவில்லை. கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது, நீர் சுரக்கிறது, அவ்வப்போது வடிக்கிறார்கள். புற்றுக்கான மருந்தைக் குறைந்த அளவில் ஏற்றுகிறார்கள். "சாப்பிடத்தான் வழி செஞ்சிருக்கேன். எத்தனை நாள்னு என்னால சொல்ல முடியாது" என்று டாக்டரம்மா சொன்னார். உண்ணும் நாள்களைத் தந்தால் போதும் என்றேன்.

மறுநாள் தண்ணீர். அடுத்து இளநீர், வடித்த கஞ்சி. எல்லாம் இறங்கின. வாந்தி இல்லை. குழாயை எடுத்தார்கள். ஆயினும் ஒன்று குறைந்தது. கடிகாரத்தைப் பார்த்து மருந்துபோல் குடித்தேனே தவிர, வேண்டும் என்று ஒருபோதும் தோன்றவில்லை. மகன் வீட்டில் படூரில் தங்கியிருந்த நாள்களிலும் அப்படியே. "வழி போட்டுட்டோம், போக்குவரத்து தானா வரும்" என்றார் டாக்டரம்மா. வரவில்லை. வேதவல்லி கிண்ணத்தை நீட்டும்போதெல்லாம் என் முகத்தையே பார்ப்பாள். நான் அவளுக்காக விழுங்குவேன். அது அவளுக்கும் தெரியும்.

செங்கற்பட்டுக்குத் திரும்பும் நாள் வந்தது. அருள்தாஸ் தம் மருமகனின் காரை எடுத்து வந்தார். வண்டலூர் வழியே செல்வதுதான் சுருக்கம். "கடற்கரை வழியாகப் போக முடியுமா?" என்று கேட்டேன்.

"போலாமே. இன்னா அவசரம், ஆபீசுக்கா போயிக்கினு கீற?" என்றார்.

கோவளத்தைக் கடந்ததும் சன்னலை இறக்கச் சொன்னேன். சவுக்குகள் பெரும்பாலும் போய்விட்டன. விடுதிகளின் மதில்கள் வந்துவிட்டன. காற்று மட்டும் பழைய காற்று. மாமல்லபுரம் நெருங்கும் இடத்தில், சாலையோரத்தில் ஒரு பெண் அகன்ற கல்லில் எதையோ வறுத்துக்கொண்டிருந்தாள். மிளகாயும் எண்ணெயும் கலந்த புகை காருக்குள் புகுந்தது. என் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. கட்டிதான் புரண்டுவிட்டதோ என்று அஞ்சினேன். மறுபடி உருண்டது, வாயில் நீர் ஊறியது. அது என்னவென்று எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

"வேதா" என்றேன். "பசிக்கிறது."

"என்ன சொன்னீங்க?"

"பசிக்கிறது."

அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

அருள்தாஸ் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார். பின்னால் விட்டுவந்த புகையைப் பார்த்தார். முகம் முழுதும் சிரிப்பாயிற்று.

"யோவ் சாமி! அது வஞ்சிரம் மீனு! மீனு வறுக்கிற வாசனக்கா உனுக்குப் பசி வந்துச்சு?"

"பெருமாளே!" என்று வேதவல்லி காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தியபடியே சிரித்தாள்; சிரித்தபடியே அழுதாள்.

"நான் வெளிய சொல்ல மாட்டேன் சாமி. மாதா மேல சத்தியம்" என்றார் அருள்தாஸ்.

அவர் வாக்குக் காப்பவர். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நானே எழுதிவிட்டேன். பிறந்தது முதல் நான் தொடாத ஒன்றின் வாசனையைக் கொண்டு பெருமான் என் பசியை எழுப்பினான் என்றால், எதைக் கொண்டு யாரை எழுப்புவது என்பது அவன் விருப்பம்.

எஞ்சி நின்ற சில சவுக்குகளின் நிழலில் காரை நிறுத்தினோம். வேதவல்லி தூக்கைத் திறந்தாள். குழையப் பிசைந்த தயிர்ச்சோறு, இஞ்சிச் சாறு மட்டும் சேர்த்தது, கடுகுகூடத் தாளிக்கவில்லை. வழக்கம்போல் கரண்டியில் எடுத்து நீட்டினாள். நான் கையை ஏந்தினேன். அவள் ஒரு கணம் தயங்கி, கரண்டியைக் கவிழ்த்து என் உள்ளங்கையில் சோற்றை வைத்தாள். உண்டேன். அது தொண்டையைக் கடந்தது, நெஞ்சைக் கடந்தது. அதற்குக் கீழே, தேங்கி நிற்காமல், எனக்குத் தெரியாத அந்தப் புதிய வழியாகத் தன் போக்கில் சென்றது. இன்னொரு பிடி கேட்டேன். பிறகும் கேட்டேன். "டாக்டரு இவ்ளோ போதும்னாங்க" என்று அவள் தூக்கை மூடியபோது, குழந்தையைப்போல் எனக்குக் கோபம் வந்தது.

இதனைப் படிப்பவர் யாவராயினும், எந்த நாமம் தரித்தவராயினும், எதுவுமே தரிக்காதவராயினும், உங்கள் அனைவருக்கும் வேளை தவறாமல் பசி எடுக்கட்டும். பசித்த வேளையில் அன்னம் கிட்டட்டும். "இன்னும் கொஞ்சம்" என்று நீங்கள் கேட்க, எதிரில் ஒருவர் அமர்ந்து, போதும் என்று அதட்டட்டும்.